பையில் போன சோதனைக்கூடம்: மழைக்காட்டில் ஏழு நாட்கள்

முதல் நாள்

இடத்தின் பெயரை இந்தத் தொடரில் எழுதப்போவதில்லை. ஒரு மழைக்காடு, ஒரு மலை, அதிலிருந்து இறங்கும் ஓர் ஓடை, ஓடையின் நடுவே ஓர் அருவி. இவ்வளவு போதும். அரிய பல்லியும் தவளையும் எங்கே கிடைக்கும் என்பதை ஆய்வுக் கட்டுரைகளைப் பார்த்தே தெரிந்துகொண்டு, வளர்ப்புப் பிராணிச் சந்தைக்காகப் பிடிக்க வருகிறவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். பெயர் சூட்டிய கையோடு, கண்டெடுத்த இடத்திலேயே துடைத்தெடுக்கப்பட்ட பல்லிகள் உண்டு. அவர்களுக்கு நான் வழி சொல்ல மாட்டேன்.

நாங்கள் நான்கு பேர். இருபது ஆண்டுகளாகத் தவளைகளை ஆராயும் அக்கா, அவருடைய மாணவி, டி.என்.ஏ. வேலைக்கு நான், இந்தக் காட்டிலேயே வாழ்நாளைக் கழித்த பெரியவர் ஒருவர். அவர் முன்னால் நடக்க, நாங்கள் பின்னால் மூச்சு வாங்கினோம். ஐந்து மணி நேர ஏற்றம்.

என் முதுகில் இருந்தது ஒரு முழுச் சோதனைக்கூடம். டி.என்.ஏ.வைப் பெருக்கும் சிறிய பி.சி.ஆர். கருவி, மூன்று பிப்பெட்டுகள், கையளவு சுழலி, லேப்டாப், மடக்கி விரிக்கும் சூரியத் தகடு, பேட்டரி. இவற்றோடு மினியன். டி.என்.ஏ.வின் எழுத்துகளை வரிசையாகப் படிக்கும் இயந்திரம் அதுதான். எடை சுமார் 100 கிராம், உள்ளங்கையில் அடங்கிவிடும். அதற்குள் வைக்கும் ஃப்ளோ செல் என்ற தகடுதான் எல்லாவற்றிலும் நோஞ்சான்: 2 முதல் 8 டிகிரிக் குளிரிலேயே பாதுகாக்க வேண்டும். வழி நெடுக அரை மணிக்கு ஒரு முறை குளிர்பெட்டியின் வெப்பமானியைப் பார்த்துக்கொண்டே வந்தேன். கடைசி ஏற்றத்தில் 7 காட்டியது.

ஆறு ஆண்டுகளுக்கு முன்பு இதே ஓடைக்கு வந்திருக்கிறேன். அப்போது மாதிரிகளைச் சாராயத்தில் ஊறப்போட்டுக் குழாய்களில் எடுத்துப் போனோம். ஆய்வகத்தில் வரிசையில் காத்திருந்து முடிவு கைக்கு வரப் பதினொரு மாதம் ஆனது. ‘அந்தத் தவளைகள் என்ன ஆயின?’ என்று முதல் இரண்டு மாதம் ஆள் மூலம் கேட்டனுப்பிக்கொண்டிருந்த பெரியவர், பிறகு கேட்பதை நிறுத்திவிட்டார். அது என்னை இன்றும் உறுத்துகிறது. கேள்வி அவருடையது. பதில் எங்கள் அலமாரியில் கிடந்தது.

இந்த முறை காலக்கெடு ஒன்றும் இருக்கிறது. அருவிக்கு மேலே ஓடையை மறித்துக் குழாய் வழியாகத் தண்ணீரைத் திருப்பும் திட்டம் பரிசீலனையில் உள்ளது. கருத்துச் சொல்ல இன்னும் மூன்று வாரம்தான்.

இரண்டாம் நாள்

பெரியவரின் கேள்வி இதுதான். இந்த ஓடையின் பாறைகளில் கட்டைவிரல் நீளத்தில் ஒரு பழுப்புத் தவளை வாழ்கிறது. அருவிக்குக் கீழேயும் இருக்கிறது, மேலேயும் இருக்கிறது. நூல்கள் இரண்டையும் ஒரே இனம் என்கின்றன. அக்கா அளவுகோலால் அளந்தும் வித்தியாசம் பிடிபடவில்லை. பெரியவர் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை.

‘கீழே இருப்பது கல்லைத் தட்டும், தம்பி. மேலே இருப்பது விதையைக் குலுக்கும்.’

நேற்றிரவு அருவியடியில் டார்ச்சை அணைத்துவிட்டு உட்கார்ந்தோம். டொக், சற்று இடைவெளி, மறுபடி டொக். பிறகு வழுக்குப் பாறை வழியாக மேலே ஏறி அங்கேயும் உட்கார்ந்தோம். உலர்ந்த நெற்றை ஆட்டியதுபோல் சரசரவென்று ஒரு பொழிவு. என் காதுக்கே தெரிந்தது. ஆனால் ஒரே இனத் தவளை வெப்பத்துக்கும் கூட்டத்துக்கும் ஏற்பக் குரலை மாற்றிக்கொள்வதுண்டு. அதனால்தான் டி.என்.ஏ.வையும் கேட்கிறோம்.

மாதிரி எடுப்பதை விரிவாகவே எழுதுகிறேன், இதில்தான் பெரிய தவறுகள் நடக்கின்றன. ஒவ்வொரு தவளைக்கும் புதுக் கையுறை. பிடித்ததும் சுத்தமான நீரால் ஒரு முறை கழுவ வேண்டும், தோலில் ஒட்டியிருக்கும் ஓடையின் அழுக்கு போய்விடும். பஞ்சு சுற்றிய மெல்லிய குச்சியால் வயிற்றிலும் தொடையின் உட்புறத்திலும் விரலிடுக்கிலும் மெதுவாகத் தேய்க்க வேண்டும். தவளை தொண்டையைப் பட்பட்டென்று துடிக்கவிட்டபடி என் விரல்களுக்கிடையே இருந்தது. அதன் கண்மணியைச் சுற்றிப் பொன்தூள் தெளித்ததுபோல் ஒரு வளையம். முப்பது வினாடியில் வேலை முடிந்தது. எடுத்த பாறையிலேயே விட்டோம்.

கையுறை மாற்றுவதும், ஓடைக்கு ஓடை காலணியைக் கிருமிநாசினியில் முக்குவதும் கைட்ரிட் பூஞ்சைக்காக. 1999இல் அறிவியல் பெயர் பெற்ற இந்தப் பூஞ்சை தவளையின் தோலைத் தாக்குகிறது. தவளை தோலாலும் மூச்சு விடுகிறது, தோல் வழியாகவே நீரையும் உப்பையும் சமன்செய்துகொள்கிறது. தோல் கெட்டால் இதயம் நின்றுவிடும். 2019இல் வெளியான உலகளாவிய மதிப்பீட்டின்படி, இந்த நோயால் குறைந்தது 501 நீர்நில வாழ் இனங்கள் சரிந்திருக்கின்றன, அவற்றில் 90 இனங்கள் அற்றுப்போய்விட்டதாகக் கருதப்படுகிறது. தவளையைக் காப்பாற்ற வந்தவனே ஒரு கையுறையைச் சேமிக்கப்போய் அதற்கு எமனாகிவிடக் கூடாது.

கீழே ஏழு, மேலே ஏழு. பதினான்கு குழாய்களிலும் எண் எழுதிவிட்டேன்.

மூன்றாம் நாள்

காலையில் தார்ப்பாய்க்குக் கீழே மேசை போட்டோம். கால்கள் மண்ணில் புதையாமலிருக்கத் தட்டைக் கற்கள். மேசையை ஒரு முறை பிளீச்சால் துடைத்தேன், மறுபடி துடைத்தேன்.

பஞ்சிலிருந்து டி.என்.ஏ.வை வெளியே கொண்டுவரக் காரக் கரைசலில் போட்டு 95 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்கி, பிறகு காரத்தை முறிக்கிறோம். அவ்வளவுதான். கிடைப்பது தூய்மையானதல்ல, ஆனால் பி.சி.ஆருக்குப் போதும்.

தவளையின் முழு மரபுத்தொகுதியையும் படிக்க வேண்டியதில்லை. ஒரு சிறு துண்டு போதும் என்ற எண்ணத்தை 2003இல் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் ஹீபர்ட் குழு முன்வைத்தது. விலங்குகளுக்கு, செல்லின் ஆற்றல் உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள சி.ஓ.ஐ. என்ற மரபணுவில் 658 எழுத்துகள் கொண்ட ஒரு பகுதி. கடைப்பொருளின் பட்டைக்குறிபோல் அது இனத்தைக் காட்டிக்கொடுக்கும். தவளைகளில் அந்த இடத்தைப் பிடித்துப் பெருக்கலைத் தொடங்கிவைக்கும் சிறு டி.என்.ஏ. துண்டுகளான தொடக்கிகள் பல நேரம் வழுக்கிவிடுகின்றன. எனவே நாங்கள் 16எஸ் என்ற இன்னொரு மைட்டோகாண்ட்ரியா பகுதியை எடுக்கிறோம்.

பி.சி.ஆர். கருவி ஓடிக்கொண்டிருந்த இரண்டு மணி நேரத்தில் மாணவி கேட்டார், ‘இதைக் காட்டில் முதலில் செய்தது யார், அண்ணா?’ மினியன் 2014இல் ஆய்வாளர்கள் கைக்கு வந்தது. 2015இல் நிக்கோலஸ் லோமன், ஜோஷுவா குயிக் என்ற ஆய்வாளர்களின் குழு அதைப் பயணப்பெட்டியில் போட்டு மேற்கு ஆப்பிரிக்காவின் கினிக்கு எடுத்துப்போய், எபோலா வைரஸை நோய் பரவிக்கொண்டிருந்த இடத்திலேயே படித்தது. 2016இல் விண்வெளி வீராங்கனை கேட் ரூபின்ஸ் சர்வதேச விண்வெளி நிலையத்தில் டி.என்.ஏ.வைப் படித்தார். தான்சானியாவின் மலைகளில் தவளைகளையும் ஊர்வனவற்றையும், ஈக்வடாரின் சோக்கோ மழைக்காட்டில் பாம்பு, தவளை முதலியவற்றையும் களத்திலேயே படித்தார்கள். ஈக்வடார் குழுவின் கட்டுரை 2018இல் வந்தது. அதை முதன்முதலாகப் படித்த இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அவர்கள் மழைக்காட்டில் செய்ததை இந்த ஓடைக்கரையிலும் செய்யலாமே என்ற எண்ணம்தான்.

மாலையில், டி.என்.ஏ. பெருகியிருந்தால் பட்டையாகக் காட்டும் ஜெல்லை நீல ஒளியில் பார்த்தோம். பதினான்கு பட்டைகளும் பளிச்சென்று எரிந்தன. பதினைந்தாவது இடத்திலும் ஒன்று.

பதினைந்தாவது வெற்றுக் குழாய். அதில் தவளை கிடையாது, நீர் மட்டுமே. எங்கிருந்தோ டி.என்.ஏ. உள்ளே புகுந்திருக்கிறது. அந்தப் பட்டை மிக மங்கலானது, உற்றுப் பார்த்தால்தான் தெரியும். ‘விட்டுவிடலாமா?’ என்று யாரும் கேட்கவில்லை. ஆனாலும் சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. ஒரு தவளையின் டி.என்.ஏ. துளியளவு இன்னொன்றின் குழாயில் விழுந்திருந்தால், இரண்டு இனம் ஒன்றாகத் தெரியும், ஒன்று இரண்டாகவும் தெரியும். நாளை ஓர் அலுவலக மேசைக்குப் போகும் அறிக்கை இது. பதினைந்தையும் கழிவுப் பையில் போட்டேன்.

நான்காம் நாள்

விடாத மழை. சூரியத் தகடு வீண். பேட்டரியை அளந்து அளந்து செலவிடுகிறோம், லேப்டாப்பை மூடியே வைத்திருக்கிறேன்.

தவறு பிடிபட்டது. தவளைகளின் டி.என்.ஏ. உள்ள குழாய்களைத் திறந்த அதே மேசையில்தான் பி.சி.ஆர். கலவைக்கான நீர்க்குழாயும் திறந்திருந்தது. இது ஆய்வகத்தில் நான் செய்திருக்கவே மாட்டாத காரியம், அங்கே இரண்டு வேலைக்கும் தனித்தனி அறைகள். இன்று கலவை சேர்ப்பதைக் கூடாரத்துக்குள்ளும், டி.என்.ஏ. உள்ள குழாய்களைத் திறக்கும் வேலையைத் தார்ப்பாய்க்கடியிலும் வைத்துக்கொண்டோம். புது நீர், பிப்பெட்டுகளுக்குப் புது முனைகள். பஞ்சிலிருந்து எடுத்த கரைசல் மீதியிருந்ததால் தவளைகளைத் திரும்பத் தொந்தரவு செய்ய வேண்டியிருக்கவில்லை.

ஜெல்லில் வெற்றுக் குழாயின் இடம் இன்று கருப்பாகவே இருந்தது.

கூடாரத்தில் அட்டைகள். மாணவி தன் கணுக்காலிலிருந்து ஒன்றை எடுத்து வெளியே போடப்போனார். நான் அவருக்கு வியட்நாம் கதையைச் சொன்னேன். 2012இல் ஓர் ஆய்வுக் குழு அன்னமைட் மலைக்காட்டு அட்டைகளின் வயிற்றிலிருந்த ரத்தத்தைச் சோதித்தது. யார் கண்ணிலும் எளிதில் படாத அன்னமைட் வரிமுயலின் டி.என்.ஏ. அதில் இருந்தது. கேமரா வைத்துப் பல மாதம் காத்திருந்தாலும் சிக்காத விலங்கை, ஓர் அட்டை கடித்துச் சாட்சி வைத்திருக்கிறது. அதைக் கேட்டபின் மாணவி அட்டையைக் கொஞ்சம் மரியாதையோடுதான் இலைமேல் இறக்கிவிட்டார்.

ஐந்தாம் நாள்

வானம் வெளுத்தது. பேட்டரி நிரம்பியதும் ஃப்ளோ செல்லைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்தேன். உயிரோடிருக்கும் துளைகள் 1,214 என்று சோதனை காட்டியது. ஐந்து மணி நேர ஏற்றத்துக்கும் நான்கு நாள் ஈரத்துக்கும் பிறகு இது நல்ல எண்ணிக்கை.

இந்தத் துளைகள் என்ன செய்கின்றன என்பதைப் பெரியவருக்குச் சொன்னதுபோலவே இங்கும் சொல்கிறேன். ஒரு மெல்லிய சவ்வு, அதில் புரதத்தாலான நுண்துளை. சவ்வின் இருபுறமும் உப்புநீர். மின்னழுத்தம் கொடுத்தால் துளை வழியாக மின்னோட்டம் ஓடும். டி.என்.ஏ. இழை துளைக்குள் நுழைந்ததும் ஓட்டம் தடைபடும். எந்த எழுத்துகள் துளையின் இடுக்கில் நிற்கின்றனவோ அதற்கேற்பத் தடையின் அளவு மாறும். அந்த ஏற்ற இறக்கத்தைக் கணினி எழுத்தாக மாற்றுகிறது. இழை சரேலென்று ஓடிவிடாமல் ஒரு நொதி பிரேக்போலப் பிடித்து, நொடிக்குச் சுமார் 400 எழுத்து என்ற வேகத்தில் விடுகிறது. ஒரே நேரத்தில் 512 தடங்களில் இது நடக்கிறது.

‘அப்படியானால் அதுவும் சத்தம்தானே கேட்கிறது?’ என்றார் பெரியவர்.

ஆம் ஐயா என்றேன். இத்தனை ஆண்டுகளில் நான் யாருக்கும் இவ்வளவு சரியாக விளக்கியதில்லை.

ஒவ்வொரு தவளையின் துண்டுக்கும் ஓர் அடையாளத் தொடரை ஒட்டி, பதினான்கையும் ஒன்றாகக் கலந்தாயிற்று. இனி மொத்தம் 75 மைக்ரோலிட்டர் திரவத்தை ஒரு சிறு வாயில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். காற்று மட்டும் உள்ளே போகக் கூடாது. குமிழி படிந்த இடத்தில் சவ்வு கிழிந்துவிடும், துளைகள் போனது போனதுதான். மூச்சைப் பிடித்துக்கொண்டு பிப்பெட்டை அழுத்தினேன். முதல் சொட்டு வாயில் ததும்பி நின்று, பிறகு உள்வாங்கியது. இரண்டாவது. மூன்றாவது. கடைசிச் சொட்டில் கட்டைவிரல் ஒரு மயிரிழை அதிகமாக இறங்கிவிட்டது. கடுகளவு வெள்ளைக் குமிழி ஒன்று கண்ணாடிக்கடியில் நழுவி ஓடுவதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மீண்டும் எண்ணினால் 830. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. அக்கா என் தோளைத் தட்டி, ‘பதினான்கு தவளைக்கு இது தாராளம்’ என்றார். உண்மைதான். ஆனாலும் அந்தக் குமிழி இன்னும் என் கண்ணுக்குள் ஓடுகிறது.

இரவு 7.40க்கு ஓட்டம் தொடங்கியது. திரையில் துளைகள் ஒவ்வொன்றாகப் பச்சையாக மாறின. பெரியவர் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

ஆறாம் நாள்

ஒரு முறை படித்தால் அங்கங்கே பிழை வரும், குறிப்பாக ஒரே எழுத்து தொடர்ச்சியாகப் பல முறை வரும் இடங்களில். ஆகவே ஒவ்வொரு தவளைக்கும் பல நூறு வாசிப்புகளை அடுக்கி, பெரும்பான்மை எழுத்தை எடுக்கிறோம். எல்லாமே லேப்டாப்பில், இணையம் இல்லாமல். ஒப்பிடுவதற்கான தொகுப்பைப் புறப்படுமுன்பே இறக்கி வைத்திருந்தேன்.

நள்ளிரவு தாண்டிப் பதினான்கு வரிசைகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக நிறுத்தினேன். எழுத்துகளுக்கு நிறம் உண்டு. ஒத்துப்போகும் இடங்களில் நேர்க்கோடுபோல ஒரே நிறம் இறங்கும். இறங்கிக்கொண்டே வந்த நிறம் நடுவில் உடைந்தது. ஓரிடத்தில் அல்ல, இடத்துக்கு இடம். இரண்டு கூட்டம். சுமார் 500 எழுத்துகளில் முப்பதுக்கும் மேற்பட்ட வேறுபாடுகள். ஒரே இனத்துக்குள் வழக்கமாகக் காணும் வேறுபாட்டைவிட இது அதிகம். கீழே எடுத்தவற்றின் வரிசை, நூல்கள் சொல்லும் இனத்தோடு பொருந்தியது. மேலே எடுத்தவற்றுக்குத் தொகுப்பில் ஜோடி இல்லை.

ஆனால் ஒன்று உதைத்தது. மேலே எடுத்த பதினொன்றாம் எண் கீழ்க்கூட்டத்தில் போய் நின்றது. குழாய் மாறிவிட்டதா? மறுபடி மாசா? குறிப்பேட்டைப் புரட்டினேன். அருவி விளிம்பை ஒட்டிய குட்டையில் எடுத்தது.

‘அது கத்தவில்லையே, தம்பி. நீங்கள் பிடித்தது சும்மா உட்கார்ந்திருந்ததை. அந்தக் குட்டையில் கல் தட்டுகிறதும் உண்டு. கீழ்த்தவளை அருவியோரமாக ஏறி வரும்.’

குழாயின்மேல் ‘மேல்’ என்று எழுதியது நான். இடத்தைப் பார்த்து எழுதினேன். குரல் கேட்ட பதின்மூன்றிலும் பெரியவர் சொன்னதும் டி.என்.ஏ. சொன்னதும் ஒன்றே. ஆறு ஆண்டுகளுக்கு முன் என்றால் இந்தப் பதினொன்றாம் எண்ணை ஆய்வகத்தில் ‘மாதிரிக் குழப்பம்’ என்று எழுதித் தள்ளியிருப்பேன். அவர் பக்கத்திலிருந்ததால் அது ஒரு தகவலாயிற்று: இரண்டு வகைகளும் விளிம்புக் குட்டையில் சந்திக்கின்றன.

அக்கா அவசரப்படவில்லை. மைட்டோகாண்ட்ரியா தாயிடமிருந்து மட்டுமே வருவது. இரண்டும் கூடிக் கலக்கின்றனவா என்பதை அது சொல்லாது. அதற்கு உட்கருவின் டி.என்.ஏ. வேண்டும், குரல் பதிவுகளை அளக்க வேண்டும், அருங்காட்சியகத்தில் பழைய மாதிரிகளோடு ஒப்பிட வேண்டும். புது இனம் என்ற சொல்லை யாரும் இன்னும் உச்சரிக்கக் கூடாது என்று எங்களிடம் கண்டிப்பாகச் சொன்னார். பூஞ்சைச் சோதனைக்கான பஞ்சுகளும் வேறு கருவிக்காகக் கீழே போகத்தான் வேண்டும். நாங்கள் நடந்து பார்த்தவரை மேல்தவளையின் குரல் ஒன்றரைக் கிலோமீட்டர் ஓடையில் மட்டுமே கேட்கிறது. திருப்பப்போகும் தண்ணீர் அந்த ஒன்றரைக் கிலோமீட்டரில் ஓடுவது. அறிக்கைக்கு இன்றைக்கு இது போதும். மாணவி இரவிலேயே முதல் வரைவை எழுதிவிட்டார்.

ஏழாம் நாள்

காலையில் இறங்குவதாக இருந்தது. பெரியவர் ஒரு தகரக் குவளையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். விளிம்புக் குட்டையின் நீர், அதில் ஐந்து தலைப்பிரட்டைகள்.

‘இவை யாருடைய பிள்ளைகள் என்று இது சொல்லுமா?’

சொல்லும். தலைப்பிரட்டைகளைப் பார்த்து இனம் சொல்வது அக்காவுக்கே கடினம். ஆனால் வாலின் நுனியில் துளி திசு போதும், அது வளர்ந்துவிடும். விளிம்புக் குட்டையில் மேல்தவளையும் முட்டையிடுகிறது என்றால், ஓடையை மறிக்கும் சுவர் எங்கே வரக்கூடாது என்பதை வரைபடத்தில் புள்ளி வைத்துக் காட்டலாம்.

பயணத்தை ஒரு நாள் தள்ளிப்போட்டோம். ஃப்ளோ செல்லைக் கழுவும் கரைசலால் கழுவினேன். பழைய டி.என்.ஏ. கொஞ்சம் தங்கிவிடக்கூடும் என்பதால் முதல் ஓட்டத்தில் பயன்படுத்தாத அடையாளத் தொடர்களையே இம்முறை எடுத்தேன். துளைகள் 412. குமிழி இல்லை.

இப்போது இரவு 9.20. வெற்றுக் குழாய் சுத்தம், ஜெல்லில் ஐந்து பட்டைகள், ஓட்டம் தொடங்கிப் பத்து நிமிடம் ஆகிறது. குவளை காலியாகிவிட்டது, ஐந்தையும் பெரியவரே குட்டையில் கொண்டுபோய் விட்டுவந்தார். தன் கணிப்பை அவர் முன்கூட்டியே சொல்லிவிட்டார், மாணவி அதைத் தேதியிட்டுக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்: மூன்று மேல், இரண்டு கீழ்.